வெந்ததை மறுபடி வேகவைத்த கதை

நாகர்கோவிலில் நான் வளர்ந்த வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் ஆப்பமும் ஆட்டுக்கறியும், தகர டின்களில் அடுக்கி வைத்த முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும்தான். ஹாம் எனப்படும் பன்றியின் பின்னந்தொடை ஒன்றைப் பளபளக்கும் தாளில் சுற்றி வாங்கி வந்து மேசையின் நடுவே வைக்கும் வழக்கத்தை நான் அமெரிக்காவுக்கு வந்த பிறகே கண்டேன். அதுவும் பல ஆண்டுகள் பிறர் வீட்டு மேசைகளில் மட்டுமே கண்டேன். அட்லாண்டாவுக்கு வடக்கே உள்ள எங்கள் புறநகர் வீட்டில் முதன்முதலாகப் பதினான்கு பேரை விருந்துக்கு அழைத்தது 2022 கிறிஸ்துமஸ் அன்றுதான். வந்தவர்களில் பாதிப் பேர் என் மனைவியுடன் வேலை செய்யும் அமெரிக்கர்கள் என்பதால், பிரியாணியோடு அவர்கள் ஊர் வழக்கப்படி ஒரு ஹாமும் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தவறாகச் செய்து, மூன்றாம் ஆண்டில்தான் ஓரளவு சரியாகச் செய்தேன். இதே முடிவை எடுக்கப்போகும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பேரங்காடியிலேயே ஹாம் கிடைக்கும்போது, ஹாமுக்கென்றே உள்ள கடைக்கு ஏன் போக வேண்டும் என்ற கேள்வியில்தான் தொடங்கினேன். பேரங்காடியில் ஒரு பவுண்டு இரண்டு மூன்று டாலருக்குக் கிடைக்கும் பொருளுக்குத் தனிக்கடையில் பத்து டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. எட்டரைப் பவுண்டு அரைத் தொடைக்கு ஏறக்குறைய நூறு டாலர் என்று கேட்டதும், அந்த விலைக்கு ஊரில் எத்தனை கிலோ ஆட்டுக்கறி வாங்கலாம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். என் மனைவியின் மேலதிகாரியான அம்மையார், ஜார்ஜியாவிலேயே பிறந்து வளர்ந்தவர், "நீங்கள் இறைச்சிக்கு விலை கொடுக்கவில்லை, உங்கள் வேலையை வேறொருவர் செய்து முடித்ததற்கு விலை கொடுக்கிறீர்கள்" என்று சொன்னாராம். அந்தச் சொல்லின் முழுப் பொருள் எனக்கு விளங்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

அந்த வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஹாம் என்பது வெறும் பன்றித் தொடை அன்று. உப்பில் பதப்படுத்திய தொடை. அமெரிக்க விருந்துகளில் பெரும்பாலும் காணப்படும் வகை, உப்பும் சர்க்கரையும் நைட்ரைட் என்ற பதப்படுத்தும் உப்பும் கரைத்த நீரை ஊசிகளால் தசைக்குள் செலுத்தி, பின்பு புகையூட்டி, முழுமையாக வேகவைத்து எடுக்கப்படுவது. நைட்ரைட்டால்தான் வெந்த பிறகும் அது இளஞ்சிவப்பாக இருக்கிறது. எங்கள் விருந்துக்கு வந்த தமிழ் நண்பர் ஒருவர் அந்த நிறத்தைப் பார்த்து, சரியாக வேகவில்லையோ என்று தட்டை மெல்ல நகர்த்திவிட்டார். சீவிய துண்டுகளின்மேல் சில நேரம் மயில்கழுத்து நிறத்தில் ஒரு மினுமினுப்பும் தெரியும். வெட்டுப்பட்ட தசைநார்களின்மேல் ஒளி சிதறுவதால் அது வருகிறது. அந்த மினுக்கம் மட்டும் கெட்டுப்போனதற்கு அடையாளம் ஆகாது. கெட்டுப்போன இறைச்சியை மூக்கும் விரலும் காட்டிக்கொடுக்கும்: புளித்த வாடை அடிக்கும், பிசுபிசுப்பாக இருக்கும்.

தனிக்கடைகள் இவ்வாறு வெந்த தொடையை எடுத்து, எலும்பைச் சுற்றி மெல்லிய துண்டுகளாகச் சுருள் சுருளாகச் சீவி, மேலே சர்க்கரையும் மசாலாவும் தூவித் தீச்சுடரால் உருக்கி, மொறுமொறுப்பான ஓர் ஓட்டை உண்டாக்குகின்றன. சுருளாகச் சீவும் அந்த எந்திரத்துக்கு டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஹாரி ஹோன்செலார் என்பவர் 1952இல் காப்புரிமை பெற்றார். 1957இல் அதை வைத்துத் தனியாக ஒரு கடையே தொடங்கினார். எலும்போடு கூடிய தொடையைக் கத்தியால் சீராகச் சீவுவது கைப்பழக்கம் உள்ளவர்களுக்கே கடினம் என்பதைக் கண்டவர் அவர். தொடையை மேல்முனையிலும் கீழ்முனையிலும் பிடித்துச் சுழற்ற, ஒரு கத்தி எலும்பு வரை சுருளாக வெட்டிக்கொண்டே போகும். தேங்காய்த் துருவியைக் கண்டவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. அந்தக் காப்புரிமை காலாவதியான பிறகுதான் பேரங்காடிகளிலும் சுருள் வெட்டு ஹாம் தாராளமாக வந்தது. ஆகவே வெட்டு மட்டுமே வேண்டும் என்றால் தனிக்கடைக்குப் போகத் தேவையில்லை. வேறுபாடு தண்ணீரிலும் அந்தச் சர்க்கரை ஓட்டிலும் இருக்கிறது.

தண்ணீர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க வேளாண் துறை, ஹாமின் பெயரைக்கொண்டே அதில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று காட்டும்படி விதி வைத்திருக்கிறது. நீர் கூடக் கூடப் புரதத்தின் பங்கு குறையும் என்பதால், கொழுப்பை நீக்கிக் கணக்கிட்டால் குறைந்தது 20.5 விழுக்காடு புரதம் இருப்பதற்கே வெறும் 'ஹாம்' என்று பெயரிடலாம். 18.5 விழுக்காடு இருந்தால் 'ஹாம் வித் நேச்சுரல் ஜூசஸ்' என்றும், 17 விழுக்காடு இருந்தால் 'ஹாம், வாட்டர் ஆடட்' என்றும் அச்சிட வேண்டும். அதற்கும் கீழே போனால் 'ஹாம் அண்ட் வாட்டர் ப்ராடக்ட்' என்று போட்டு, சேர்த்த பொருள்கள் எத்தனை விழுக்காடு என்றும் குறிப்பிட வேண்டும். முதல் ஆண்டில் நான் இதைப் பார்க்கவே இல்லை. பிறகு ஒருநாள் பேரங்காடியின் குளிர்பெட்டி முன் நின்று வரிசையாகப் படித்தபோது, விலை மிகக் குறைந்த பொட்டலங்களில் பெரும்பாலும் 'வாட்டர் ஆடட்' என்ற சொல் சிறிய எழுத்தில் ஒளிந்திருந்தது. பால்காரர் கலக்கும் தண்ணீரைப் பற்றி ஒரு தலைமுறையே புலம்பிய ஊரிலிருந்து வந்த எனக்கு, கலந்த தண்ணீரைச் சட்டப்படி அறிவித்து விற்கும் ஏற்பாடு வேடிக்கையாகவும் நேர்மையாகவும் தோன்றியது. பத்து டாலர் கேட்கும் கடையிலும் இந்தச் சொல்லைத் தேடிப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

இனி 2022க்கு வருகிறேன். இணையத்தில் முன்பதிவு செய்து, டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றுக்கொள்வதாக நேரம் வாங்கியிருந்தேன். அன்றுதான் ஜார்ஜியாவை அந்தக் கடுங்குளிர் தாக்கியது. அட்லாண்டாவில் வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியிருந்தது. நேரம் வாங்கியவர்களுக்கு ஒரு வரிசை, வாங்காதவர்களுக்கு ஒரு வரிசை என்று பலகை வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே நீளத்தில் கட்டடத்தைச் சுற்றி நின்றன. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காது மரத்துப்போக நின்றேன். எனக்கு முன்னால் நின்ற முதியவர், இருபது ஆண்டுகளாக இதே கடைக்கு வருவதாகவும், எப்போதும் 21ஆம் தேதியே வந்து வாங்கிவிடுவதாகவும், இந்த ஆண்டு மட்டும் மருமகளை நம்பி ஏமாந்துவிட்டதாகவும் சொன்னார். எலும்போடு கூடிய ஹாம் குளிர்பெட்டியில் நான்கு நாள்கள் தாராளமாக இருக்கும் என்பதால் 23ஆம் தேதி வரை காத்திருக்க ஒரு காரணமும் இல்லை என்பது அவர் வாதம். அதன் பிறகு நான் 21ஆம் தேதிக்குப் பின் வாங்கியதே இல்லை.

அந்தச் சமயத்தில் என் மாமியார் ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். கடையில் கொடுத்த தாளில், சூடாக்கத் தேவையில்லை, பரிமாறுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் வெளியே எடுத்து வைத்தால் போதும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"மாப்பிள்ளை, இந்தக் குளிரிலே வீட்டுக்கு வாறவங்களுக்கு ஆறிப்போன கறியை வைக்கிறதா? பாத்தா என்ன நினைப்பாங்க?"

"அத்தை, அவங்க வழக்கமே அதுதான்."

"அவங்க வழக்கம் அவங்க வீட்டிலே. நம்ம வீட்டிலே ஆவி பறக்கணும்."

மறுத்துப் பேச எனக்கும் மனம் வரவில்லை. உண்மையில் என் உள்ளத்திலும் அதே எண்ணம்தான் இருந்தது. இறைச்சியைப் பொறுத்தவரை, சரியாக வேகாமல் போய்விடுமோ என்பதே நம் சமையலின் பெரிய அச்சம். அளவுக்கு மேல் வெந்துவிடுமோ என்று கவலைப்பட்டு நாம் பழகியதில்லை. ஆட்டுக்கறி மேலும் வேகவேக மென்மையாகும் என்பது நம் கை அறிந்த உண்மை. அதே கணக்கை ஹாமுக்கும் போட்டு, பொதிந்திருந்த தாளைப் பிரித்து எறிந்துவிட்டு, அடுப்பின் வெப்பத்தை 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்து, மூடாமல் இரண்டு மணி நேரம் விட்டுவிட்டேன்.

வெளியே எடுத்தபோது, சீவியிருந்த துண்டுகள் ஒவ்வொன்றும் ஓரம் சுருண்டு, வெயிலில் காய்ந்த பனையோலை விசிறிபோல் விரிந்து நின்றன. நூறு டாலரில் பாதி விலை எதற்காகக் கொடுத்தேனோ அந்தச் சர்க்கரை ஓடு உருகி வழிந்து தட்டின் அடியில் கருகிக் கிடந்தது. சாறெல்லாம் கீழே இறங்கிவிட்டதால் இறைச்சி உப்புக்கண்டம் போல இழுத்தது. விருந்தினர்கள் நல்லவர்கள், ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, பிரியாணியை மூன்று முறை கேட்டு வாங்கினார்கள். அத்தை மட்டும் ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றுவிட்டு, "இது முதல்லயே வெந்ததா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. முதலிலேயே வெந்ததுதான். முழுத் தசையாக இருந்தாலாவது சூடு உள்ளே போக நேரமாகும். சாறும் உள்ளேயே நிற்கும். எலும்பு வரை மெல்லிய துண்டுகளாகச் சீவிய பொருளில் ஒவ்வோர் இடுக்கும் சாறு வெளியேறும் வாய்க்கால்தான். பரிமாறும்போது வெட்டும் வேலையை மிச்சப்படுத்தும் அதே சுருள் வெட்டு, சூடாக்கும்போது நமக்கு எதிராகத் திரும்புகிறது.

பின்னர் வேளாண் துறையின் வழிகாட்டுதல்களைத் தேடிப் படித்தபோது, கடைக்காரர்கள் ஏன் சூடாக்க வேண்டாம் என்கிறார்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் கிடைத்தது. அரசு ஆய்வுக்கு உட்பட்ட ஆலையில் வேகவைத்து அங்கேயே பொட்டலமிட்ட ஹாமைச் சூடாக்க விரும்பினால், உட்புற வெப்பம் 140 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 60 டிகிரி செல்சியஸ், வந்தால் போதும். ஆனால் ஆலைக்கு வெளியே வேறோர் இடத்தில் பிரித்து மறுபடி பொட்டலமிட்டதையும், மீந்துபோனதையும் 165 டிகிரி, அதாவது 74 டிகிரி செல்சியஸ், வரை சூடாக்க வேண்டும் என்பது விதி. கடையிலேயே சீவிச் சர்க்கரை ஓடு போட்டுத் தாளில் சுற்றித் தரும் ஹாம் இந்த இரண்டாம் வகையில் சேரும். அந்த அளவுக்குச் சூடாக்கினால் சீவிய ஹாம் வறண்டுபோவதைத் தவிர்ப்பது கடினம். ஆகவே பாதுகாப்பாகக் குளிரில் வைத்திருந்து, குளிர்ச்சி லேசாக அடங்கிய நிலையில் உண்பதே அதற்கு ஏற்ற வழி. பேரங்காடியில் வாங்கிய, ஆலைப் பொட்டலம் பிரிக்காத சுருள் வெட்டு ஹாமாக இருந்தால் கதை வேறு: வெட்டிய முகம் கீழே இருக்கும்படி தட்டில் கவிழ்த்து, சிறிது தண்ணீர் ஊற்றி, அலுமினியத் தாளால் இறுக மூடி, 325 டிகிரியில் பவுண்டுக்குப் பத்து நிமிடம் என்று தொடங்கி, எலும்பில் படாமல் வெப்பமானியைச் செருகிப் பார்த்து, 140 வந்ததும் எடுத்துவிடலாம். பதினைந்து டாலர் வெப்பமானி ஒன்று அந்த ஆண்டு என்னிடம் இருந்திருந்தால் நூறு டாலர் வீணாகியிருக்காது.

2023இல் தவறு என் பக்கம் பாதிதான். வேறொரு தனிக்கடையில், எலும்போடு கூடிய அரைத் தொடைக்கு முன்பதிவு செய்து, 21ஆம் தேதி மாலை போய், மூடிய அட்டைப் பெட்டியை வாங்கி, வீட்டுக்கு வந்து அப்படியே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டேன். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் என் பெயரும் எட்டுப் பவுண்டு என்ற எடையும் சரியாகவே இருந்தன. 24ஆம் தேதி இரவு, தாளைப் பிரிக்கும்போதுதான் உள்ளே எலும்பில்லாத, நான்கு பவுண்டுக்கும் குறைவான ஒரு சிறு உருண்டை இருப்பது தெரிந்தது. சர்க்கரை ஓடும் இல்லை. கடை மாலையிலேயே மூடிவிட்டது; மறுநாள் கிறிஸ்துமஸ். இருந்த கோழித் தொடைகளை இரவோடிரவாக மசாலா தடவி வைத்து நாளைச் சமாளித்தோம். 26ஆம் தேதி சென்று காட்டியபோது, பொறுப்பாளர் முகம் சுளிக்காமல் விலை வேறுபாட்டைத் திருப்பித் தந்தார். ஆனால் கூட்டத்தில் பெட்டி மாறுவது ஒவ்வோர் ஆண்டும் நடப்பதுதான் என்பதுபோல அவர் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. நடப்பது தெரிந்தால், பெட்டியைத் திறந்து காட்டிக் கொடுப்பதற்கு அரை நிமிடம் ஆகுமா?

ஆகவே பின்னால் எத்தனை பேர் நின்றாலும், கடை மேடையை விட்டு நகர்வதற்கு முன் பெட்டியைத் திறந்துவிடுங்கள். வெளிச்சீட்டை நம்பாமல், உள்ளே தாளின்மேல் ஒட்டிய சீட்டில் எடை, எலும்பு உண்டா இல்லையா, எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்ற மூன்றையும் பாருங்கள். அரைத் தொடை என்றால் எந்த அரை என்பதையும் கேளுங்கள். கணுக்கால் பக்கத்து அரையில் ஒரே நேரான எலும்பு. துண்டுகள் எளிதாகப் பிரியும். மேசையில் பார்க்கவும் அழகு. இடுப்புப் பக்கத்து அரையில் சதை கூடுதல், ஆனால் இடுப்பெலும்பின் கோணல் துண்டு உள்ளே இருப்பதால் பிரிப்பது சிரமம். அளவைப் பொறுத்தவரை, எலும்போடு என்றால் ஆளுக்கு அரைப் பவுண்டு, எலும்பில்லை என்றால் கால் பவுண்டு முதல் மூன்றில் ஒரு பங்கு பவுண்டு வரை என்பது இங்குள்ள பொதுக் கணக்கு. நம் விருந்துகளில் பிரியாணியும் கோழியும் உடன் இருக்குமாதலால், இந்தக் கணக்கில் முக்கால் பங்கே போதும் என்பது என் அனுபவம். பதினான்கு பேருக்கு எட்டுப் பவுண்டு வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு மீந்தது.

தபாலில் வரவழைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டல்லாஸில் உள்ள என் தம்பி அப்படித்தான் வாங்குகிறான். உறைந்த நிலையில் வரும் ஹாம், குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் உருகுவதற்கு நான்கைந்து பவுண்டுக்கு ஒரு நாள் எடுக்கும். எட்டுப் பவுண்டு என்றால் முழுமையாக இரண்டு நாள்கள். முதல் நாள் இரவு எடுத்து வைத்து மறுநாள் விருந்து என்றால் நடுவில் பனிக்கட்டிதான் இருக்கும். சமையலறை மேடையில் வைத்து உருக்கும் ஊர்ப்பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

'கன்ட்ரி ஹாம்' என்ற பெயரைப் பார்த்து, நாட்டுக்கோழி போல நாட்டு ஹாம் போலும் என்று மகிழ்ந்து வாங்கிவிடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வர்ஜீனியா, வட கரோலினா, டென்னசி, கென்டக்கிப் பக்கங்களில் செய்யும் அது, நீரில் ஊறாமல் உலர் உப்பில் புதைத்து மாதக்கணக்கில் தொங்கவிட்ட தொடை. கருவாட்டுக்கு ஒப்பான உப்பு. அதை ஓர் இரவாவது, பெரும்பாலும் அதற்கு மேலும், தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துப் பிறகுதான் சமைக்க வேண்டும். மேலே பூசணம் படர்ந்திருந்தாலும் தேய்த்துக் கழுவிவிட்டுப் பயன்படுத்துவார்கள். வர்ஜீனியாவின் ஸ்மித்ஃபீல்டு என்ற ஊர் இதற்குப் பெயர் போனது. அந்த ஊரின் எல்லைக்குள் பதப்படுத்தியதற்குத்தான் அந்தப் பெயரிடலாம் என்று 1926இலேயே அந்த மாநிலம் சட்டம் செய்தது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் 1902ஆம் ஆண்டில் பதப்படுத்திய ஒரு ஹாமை இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கருவாட்டின் ஆயுளைப் பற்றிப் பெருமை பேசும் என் ஊர்க்காரர்கள் ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும். எப்படியிருந்தாலும், பெட்டியைத் திறந்து அப்படியே பரிமாறும் பொருள் அது அன்று.

2024இல் அத்தை மறுபடி வந்திருந்தார். இந்த முறை 20ஆம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் கடைக்குப் போனேன்; எனக்கு முன் நான்கே பேர். பெட்டியைத் திறந்து, கணுக்கால் பக்கத்து அரை, எட்டேகால் பவுண்டு, 26ஆம் தேதி வரை உண்ணலாம் என்று பார்த்துக்கொண்டு வாங்கினேன். வீட்டில் குளிர்பெட்டியின் ஒரு தட்டை முன்னதாகவே கழற்றி இடம் செய்து வைத்திருந்தேன். முதல் ஆண்டில் சாம்பார்ப் பாத்திரத்தையும் மாவுப் பாத்திரத்தையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடியது நினைவில் இருந்தது.

விருந்தன்று ஹாமை அரை மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து, தாளை விரித்துவிட்டேன். துண்டுகள் எலும்பைச் சுற்றி ஒட்டியிருக்கும். எலும்பை ஒட்டி ஒரு சுற்று, பிறகு தசைகளுக்கு இடையே இயல்பாகத் தெரியும் கோடுகளின் வழியே இரண்டு மூன்று வெட்டு என்று சிறிய கத்தியால் போட்டால், ஏடு ஏடாகக் கையோடு வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரித்துவிடாமல், தேவைக்கேற்ப எடுத்தால் மீதி காயாமல் இருக்கும். அறையில் வைத்த ஹாமை இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி குளிர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும் என்பதால், நம் வழக்கப்படி மாலை வரை மேசையிலேயே விட்டுவைக்கும் எண்ணத்தையும் கைவிட்டேன்.

அத்தையின் "ஆவி பறக்கணும்" என்ற ஆணைக்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். பத்துப் பன்னிரண்டு துண்டுகளை மட்டும் தனியாக எடுத்து, அகன்ற சட்டியில் இரண்டு கரண்டி ஆப்பிள் சாறு விட்டு, மூடி போட்டு, ஆவி பறக்கும் வரை சில நிமிடங்கள் சூடாக்கினேன். சிறு அளவில், ஈரத்தோடு, விரைவாகச் சூடாக்கும்போது 165 டிகிரி வந்தாலும் வறளவில்லை. விருந்துக்கு வந்திருந்த ஒரு பெண் கருவுற்றிருந்தார்; கடையில் சீவிய குளிர்ந்த இறைச்சியை அந்த நிலையில் ஆவி பறக்கச் சூடாக்கியே உண்ண வேண்டும் என்பது இந்நாட்டு மருத்துவர்களின் அறிவுரை. அவருக்கும் அந்தச் சட்டியிலிருந்தே கொடுத்தோம். அத்தை இதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், தாம் 2022இல் சொன்னதும் முழுத் தவறில்லை என்ற செய்தி இருந்தது.

விருந்தினர்களில் காயல்பட்டினத்துக் குடும்பம் ஒன்றும், இறைச்சியே உண்ணாத இருவரும் இருந்தார்கள். அழைக்கும்போதே இன்னது இருக்கும் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, ஹாமைத் தனி மேசையில், தனிக் கத்தி, தனிக் கரண்டியோடு வைத்தோம். முதல் ஆண்டில் எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி, ஒரே கரண்டி இங்குமங்கும் போய்வந்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கும் என் மாமனாருக்கு இரண்டு துண்டோடு நிறுத்திவிட்டோம்; உப்பு அவ்வளவு. பதப்படுத்திய இறைச்சியை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது என்பதால், எங்கள் வீட்டில் இது ஆண்டுக்கு ஒருமுறைப் பண்டமாகவே இருந்துவிடட்டும்.

மீந்ததை அன்றிரவே எலும்பிலிருந்து பிரித்து, சிறு சிறு பைகளில் போட்டுவிட்டேன். குளிர்பெட்டியில் மூன்று முதல் ஐந்து நாள், உறைபெட்டியில் ஒன்றிரண்டு மாதம் வரை சுவை கெடாமல் இருக்கும். முட்டையோடு வதக்கியும், வெங்காயம், பச்சைமிளகாய், மிளகு சேர்த்துச் சோற்றில் கிளறியும் தீர்த்தோம். உப்பை மட்டும் தொடவே கூடாது.

எலும்பைத் தூக்கி எறியாதீர்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களில் புத்தாண்டு அன்று காராமணியை ஹாம் எலும்போடு வேகவைத்துச் சோற்றோடு உண்பது வழக்கம்; அந்த ஆண்டு நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களோடு இங்கு வந்து சேர்ந்த பயறு அது. கறுப்புக் கண் பயறு என்று இவர்கள் சொல்வது நம் காராமணிதான் என்று அத்தையிடம் சொன்னதும் அவருக்குச் சமையலறையில் இடம் கிடைத்துவிட்டது. முந்தைய இரவே ஊறவைத்த காராமணியை எலும்போடு குக்கரில் வைத்து, வெந்ததும் எலும்பிலிருந்து உதிர்ந்த சதையைக் கிள்ளிப் போட்டு, தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்து ஊற்றி, கறிவேப்பிலை தாளித்து இறக்கினார். உப்புப் பெட்டியை எடுத்தவரின் கையைப் பிடித்துத் தடுத்தேன். ருசி பார்த்துவிட்டு அவரே பெட்டியை மூடி வைத்தார். சர்க்கரை ஓட்டின் இனிப்பும் புகை மணமும் தேங்காயோடு சேர்ந்து, நூறு டாலர் ஹாமை விட அந்தக் குழம்பே எனக்குப் பிடித்திருந்தது என்பதை மேலதிகாரி அம்மையாரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அத்தை தொலைபேசியில் கேட்பது ஹாமைப் பற்றி அன்று. "மாப்பிள்ளை, இந்த வருஷமும் எலும்பு உள்ளதுதானே வாங்குவீங்க?" என்கிறார்.